பாலக்காட்டு ஓட்டையும் பின்வரிசை வாத்தியார்களும்

குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை, 1600 கிலோமீட்டர் நீளத்துக்கு இயற்கை ஒரு டிஃபென்ஸ் போட்டு வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலை. இடுக்கியில் ஆனைமுடி என்று 2695 மீட்டர் உயரத்தில் ஒரு ஸ்டாப்பர் பேக் நிற்கிறார். அவரைத் தாண்டி மேகம்கூடப் போக முடியாமல் அங்கேயே அழுதுவிடும். இவ்வளவு சிரத்தையாகக் கட்டிக்கொண்டு வந்த இயற்கைக்குப் பாலக்காடு வந்ததும் கை வலித்துவிட்டது போலிருக்கிறது. முப்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது, ரயில் வந்தது, தமிழ் பேசும் அக்ரகாரங்கள் வந்தன. கூடவே படைகளும் வந்தன.

ஆகவே இந்த வட்டாரத்தின் கால்பந்து டிஃபென்ஸ் கோச் வரலாற்றையும்கூட ஹைதர் அலியிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1757இல் பாலக்காட்டை ஆண்ட அச்சனுக்குக் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி குடைச்சல் கொடுத்தார். திண்டுக்கல்லில் மைசூர் பௌஜ்தாராக உட்கார்ந்திருந்த ஹைதரிடம் அச்சன் ஆள் கேட்டார். ஆள் வந்தது. சாமூதிரியும் 12 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு நகர்ந்துகொண்டார். ஒப்புக்கொண்டதோடு சரி, பணம் வரவில்லை. பாக்கியை வசூலிக்கிறேன் என்று 1766இல் ஹைதரே நேரில் வந்துவிட்டார். அச்சன் கேட்டதோ ஒரு சப்ஸ்டிட்யூட். வந்தவர் கிளப்பையே எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டு ஓட்டையை அடைக்கப் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். பார்த்தவர்களுக்குத் தெரியும்: அகழி, கொத்தளம், யானை முட்டினாலும் அசையாத சுவர். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆட்டத்தின் முடிவைத் தவிர. 1768இல் ஆங்கிலேயக் கர்னல் வுட் உள்ளே புகுந்தார். சில மாதத்தில் ஹைதர் திருப்பி அடித்தார். 1783இல் கர்னல் புல்லர்டன் பதினோரு நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்த கையோடு அடுத்த ஆண்டு விட்டுவிட்டுப் போனார். 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் வந்து ஆட்டத்தை முடித்தார். இருபத்து நான்கு ஆண்டில் மூன்று கோல் வாங்கிய டிஃபென்ஸ் அது. இன்றைக்கும் அதைத்தான் போய்ப் பார்த்து, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். தோற்ற டிஃபென்ஸுக்கு இத்தனை மரியாதை செய்த ஊர் வேறெதுவும் இருக்காது.

இனி பந்துக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு கால்பந்து உண்டு. பந்தைக் கையில்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதில் பின்வரிசையில் நிற்கிற நாலைந்து பேருக்கு மட்டும் தனியாக ஒரு கோச், சம்பளத்தோடு. எதிராளி எறிகிற பந்து அவன் கூட்டாளி கைக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருவது அவர் வேலை. இரண்டு வருஷம் ஒரு கல்லூரி, மூன்று வருஷம் இன்னொன்று என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே பலருடைய காலம் போய்விடும். நம் ஊரில் அந்தப் பதவி இல்லை. ஒரே மனிதர் பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் பயிற்சி கொடுத்து, ஸ்டேஷனுக்கு வண்டியும் பிடித்துத் தர வேண்டும்.

தவிர, பின்வரிசை என்ற ஒன்றே நமக்கு வெகுநாள் இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன வரிசையில் ஃபார்வர்டு ஐந்து பேர், நடுவில் மூவர், பின்னால் இரண்டே இரண்டு பேக். பெண் வீட்டார் கல்யாணத்தில் முன்வரிசை நாற்காலி பிடிக்கிற ஆர்வத்தோடு எல்லோரும் முன்னால் போய்விடுவார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கி வந்த பிறகுதான், பூட்ஸ் என்றொரு பொருளையும் டிஃபென்ஸ் என்றொரு கருத்தையும் நாம் பரிசீலிக்கத் தொடங்கினோம்.

பரிசீலித்தவர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் பொறுப்பில் 1956 மெல்போர்னில் இந்தியா நான்காவது இடம் பிடித்தபோது பின்வரிசையில் கோழிக்கோடு ரஹ்மான் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரிஞ்ஞாலக்குடா சந்திரசேகரன் இருந்தார். பாலக்காட்டிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடக்கூடிய ஊர்க்காரர்கள் இருவரும். ஆனால் ஜகார்த்தாவைப் பற்றி நாம் சொல்லுகிற கதை வேறு. ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல் போட்டாயிற்று. டிஃபென்ஸுக்கு ஆகமாட்டார் என்று ரஹீம் அவரை ஃபார்வர்டாக அனுப்பினார். அவர் அரையிறுதியிலும் கோல் அடித்தார், தென்கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் அடித்தார். 2-1, தங்கம். அந்த ஆட்டத்தில் கோல் காத்த பீட்டர் தங்கராஜ் ஃபார்வர்டாகத் தொடங்கியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோல் அடிக்க வந்தவர் தடுத்தார், தடுக்க வந்தவர் அடித்தார். நம் டிஃபென்ஸின் பொற்காலமே ஆள்மாறாட்டத்தில்தான் நடந்திருக்கிறது.

அடுத்து நம்மவர், சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார்; ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். அறுபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. நாடே சேர்ந்து அதைக் காபந்து பண்ணி வருகிறது. பிறகு அவர் கேரளத்தின் கோச் ஆனார். 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வேயை 3-2 என்று வென்று கேரளம் முதல் சந்தோஷ் கோப்பையைத் தூக்கியது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்கு ஒரு தமிழனை நம்பாதவர்கள்கூட பந்துக்கு நம்பினார்கள். கேப்டன் மணி ஹாட்ரிக் அடித்தார். மலையாளிக் குழந்தைகள் அதைப் பாலோடு குடித்து வளர்ந்தார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் யார் யார் என்று அதே குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்கள்.

அந்த அலட்சியத்தை உத்தியோகமாகவே ஏற்றுக்கொண்டவர் சாலக்குடி டி.கே. சாத்துண்ணி. டிஃபென்டர். செகந்திராபாத்தில் ராணுவத்தின் இ.எம்.இ., கோவாவில் வாஸ்கோ, பம்பாயில் ஓர்கே மில்ஸ் என்று ஆடி, 1973இல் மெர்டேகா போட்டிக்கு இந்திய ஜெர்ஸியும் போட்டார். கோச் ஆன பிறகு பெட்டி இன்னும் வேகமாக நகர்ந்தது: கேரள போலீஸ், சால்கோகர், சர்ச்சில், டெம்போ, எஃப்.சி. கொச்சின், விவா கேரளா. அமெரிக்கக் கல்லூரி கோச்சுகள் இந்தப் பட்டியலைப் பார்த்தால் எங்கள் ஆள்தான் என்று கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி கல்கத்தா. 1997இல் மோகன் பகான் கோச் அமல் தத்தா ‘டயமண்ட் சிஸ்டம்’ என்று ஒன்றைக் கொண்டு வந்தார். பகை அணியை எல்லாப் பக்கமும் அடித்து நொறுக்கும் வைரம். வைரம் பளபளத்தது, கோல் மழை பொழிந்தது, வாயும் சேர்ந்து பொழிந்தது. எதிரணியான ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியாவை ‘சுங்சுங்’ என்றார், சோஸோவை வெள்ளரிக்காய் என்றார், கென்யாவிலிருந்து வந்த ஸ்டாப்பர் ஓமோலோவை ஆம்லெட் என்றார். டிஃபென்டருக்கு நம் நாட்டில் கிடைக்கிற மரியாதை இதுதான்: முட்டை. ஜூலை 13, பெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர். ‘சுங்சுங்’ மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4, வைரம் 1. எல்லோரும் வைரம் பட்டை தீட்டப் போய்விட்டதால் பின்னால் வீட்டைப் பூட்ட ஆளில்லை.

அந்த சீசனின் தேசிய லீகுக்கு மோகன் பகான் சாலக்குடிக்காரரைக் கூப்பிட்டது. அவர் ரத்தினக் கற்கள் எதையும் கொண்டுவரவில்லை. பின்வரிசையைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னால் போதும் என்று ஒரு டிஃபென்டருக்குத் தெரியாதா என்ன? 1997-98 லீகை மோகன் பகான் வென்றது, முதல் முறையாக. கல்கத்தாவில் இன்றைக்கும் டீக்கடைக்குக் கடை பேசுவது எந்த ஆட்டத்தை? வென்ற லீகையா? இல்லை, தோற்ற வைரத்தை. பாலக்காட்டுக் கோட்டை விஷயமேதான்.

மூணாறில் தேயிலைத் தோட்ட அணிகள் பின்லே கேடயத்துக்கு ஆடுகிற மைதானத்தில் மட்டும்தான் டிஃபென்டருக்குக் கொஞ்சம் சமநீதி கிடைக்கும் என்பது என் கணிப்பு. மூடுபனி இறங்கிவிட்டால் கோல் போட்டவனும் தெரியாது, தடுத்தவனும் தெரியாது.

2024 ஜூன் 12 அன்று சாத்துண்ணி காலமானார். நான் படித்த அஞ்சலிகளில் விஜயனையும் பாப்பச்சனையும் பயிற்றுவித்தவர் என்று முதல் பத்தியிலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருமே ஃபார்வர்டு.