மருமகனுக்கும் கடமை உண்டு

கேள்வி: முதிய பெற்றோரைப் பராமரிப்பது மகனின் பொறுப்பு மட்டும்தானா?

பதில்: இல்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி என அனைவரையும் பொறுப்பாளிகளாக்குகிறது. தீர்ப்பாயம் மாதம் ரூ.10,000 வரை வழங்க உத்தரவிடலாம். புதுச்சேரியில் இன்னொரு மரபும் உண்டு. 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்த ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் பொருந்தும். 1804-இல் பிறந்த அச்சட்டத்தின் 205, 206-ஆம் பிரிவுகள் மருமகனையும் மருமகளையும்கூடக் கடமைக்குள் கொண்டுவந்தன.

ஆனால் சட்டம் சோறு போடும், ஊட்டிவிடாது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் குறையும். அதைச் செவிலியர் செய்வார். பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் பிள்ளைகளே.