மாமா வீட்டைப் பிடித்த மருமகன்

1688இல் இங்கிலாந்தில் ஒரு ராசாவைத் துரத்திவிட்டு வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவர் கதிரையில் ஏறினார். சரித்திரப் புத்தகங்கள் அதை மகத்தான புரட்சி என்கின்றன. ஒலுவில் துறைமுகத்துக் கல்லணையில் குந்தியிருந்து யோசித்தால் அது வெறும் சீதன வீட்டு வழக்கு. பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரை எந்த உம்மாவிடம் கொண்டுபோயிருந்தாலும், வெற்றிலை மென்று முடிக்க முதல் தீர்ப்புச் சொல்லியிருப்பா.

வீட்டுக்காரர் இரண்டாம் ஜேம்ஸ். 1685இல் முடிசூடியவர். புரட்டஸ்தாந்து நாட்டுக்குக் கத்தோலிக்க ராசா. பாதி வில்லங்கம் அதிலேயே இருந்தது. மூத்த தாரத்தில் மேரி, ஆன் என்று இரண்டு பெண்மக்கள், இருவரும் புரட்டஸ்தாந்தாக வளர்ந்தவர்கள். மேரியை 1677இல் கட்டிக்கொடுத்தது ஒல்லாந்தின் ஒரேஞ்ச் இளவரசர் வில்லியத்துக்கு. அவர் வேறு யாருமில்லை, ஜேம்ஸின் ராத்தா மகன். மாமன் மகளை மாமி மகன் முடிப்பது எங்கட பக்கம் தரகர் தேவைப்படாத சம்பந்தம். மாப்பிள்ளைக்குத் தொய்வு வருத்தம், பெண்ணைவிட உயரம் குறைவு, வயதோ பன்னிரண்டு கூட. பதினைந்து வயது மேரி கலியாணச் செய்தி கேட்டு ஒன்றரை நாள் அழுதாவாம். மாப்பிள்ளை அதையெல்லாம் மனதில் எடுக்கவில்லை. மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, வீடு எப்படியும் மனைவி பேருக்குத்தானே வரும்!

1688 யூன் 10ஆம் திகதி இரண்டாம் தாரத்துக்கு ஆண்பிள்ளை பிறந்தது. போச்சு.

எங்கட ஊரென்றால் பிரச்சினையே இல்லை. தம்பி பிறந்தாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இங்கிலாந்தில் சட்டம் மறுபக்கம், ஆண்பிள்ளை வந்தால் பெண்பிள்ளை பின்னுக்குப் போக வேண்டும். ஆகவே ஒரு கதை கிளம்பியது: பிறந்தது ராசா பிள்ளையே இல்லை, கட்டில் சூடாக்கும் சட்டிக்குள் ஒளித்து யாரோ பெற்றதைக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள். பாவம் ஜேம்ஸ், பிள்ளைப்பேறு நடந்தது உண்மைதான் என்று நாற்பது பேரளவில் கூப்பிட்டுச் சாட்சி சொல்லவைத்தார். பெருந்தலைகளும் சீமாட்டிகளும் வந்து சத்தியம் பண்ணினார்கள். ஊர் சட்டியைத்தான் நம்பியது.

அந்த யூன் மாதக் கடைசியில் ஏழு பெரிய மனிதர்கள் வில்லியத்துக்குக் கடிதம் எழுதினார்கள்: நீங்கள் படையோடு வாங்க, நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம். அதைக் கொண்டுபோனது சாதாரண மாலுமி வேசம் போட்ட ஒரு கடற்படைத் தளபதி. பிரான்ஸின் பதினான்காம் லூயியோடு மல்லுக்கட்ட இங்கிலாந்தின் காசும் கப்பலும் வில்லியத்துக்குத் தேவை. ஆகவே மதத்தைக் காக்க வருகிறேன் என்று அறிக்கை விட்டார்.

நானூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள், குதிரைகள் வேறு. முதல் முறை புயல் அடித்துத் திருப்பியனுப்பியது. பிறகு கொண்டல் வீசியது. அதே காற்று வில்லியத்தைத் தள்ளிக்கொண்டு போனது, ஜேம்ஸின் கப்பல்களைத் தேம்ஸ் வாயிலேயே மறித்து வைத்தது. புரட்டஸ்தாந்துக் காற்று என்று அதற்குப் பேர் வேறு வைத்தார்கள். எங்கட காற்றுக்கு மதபேதம் கிடையாது. ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்கிறது, துறைமுக வாயை மணல் மூடுகிறது. கப்பல் வருமென்று 2013இல் திறந்த இடத்தில் மீன்பிடிப் படகு நுழைவதற்கே மணல் அள்ள வேண்டியிருந்தது. வில்லியம் இங்கே வந்திருந்தால் ஜேம்ஸ் இன்னும் இருபது வருடம் ஆண்டிருப்பார்.

வில்லியம் இறங்கியது நவம்பர் 5ஆம் திகதி, டோர்பே குடாவில். எதிர்க்கப் போன ஜேம்ஸுக்கு மூக்கால் இரத்தம் ஓடியதுதான் மிச்சம், பெரிய சண்டை நடக்கவில்லை. அவருடைய தளபதி சேர்ச்சில் இரவோடு இரவாகக் கட்சி மாறினார். இளைய மருமகன், அதாவது வில்லியத்தின் சகலன், டென்மார்க் இளவரசர் ஜோர்ஜ். ஒவ்வொருவரும் ஓடிய செய்தி வரும்போதெல்லாம் "அப்படியும் நடக்குமா?" என்று பிரெஞ்சில் கேட்டபடி இருந்தவர், ஒரு நாள் இராச்சாப்பாட்டை மாமாவோடு சாப்பிட்டுவிட்டுத் தானும் ஓடினார். "'அப்படியும் நடக்குமா'வும் போயிட்டாரா?" என்றாராம் ஜேம்ஸ். ஒலுவில் துறைமுகம் டென்மார்க் நிதியில் கட்டியது. மணல் மூடியதைப் பார்த்து எங்கட மீனவர்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், பிரெஞ்சில் இல்லை.

ஜேம்ஸ் டிசம்பரில் ராச முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டு வேசம் மாறி ஓடினார். ஃபேவர்ஷாம் பக்கத்து மீனவர்கள் பிடித்து, யாரோ கத்தோலிக்கப் பாதிரி என்று நினைத்து, காற்சட்டைக்குள்ளும் கைவிட்டுச் சோதித்தார்கள். ராசா என்று தெரிந்ததும் லண்டனுக்குத் திரும்பக் கொண்டுவந்தாயிற்று. வில்லியத்துக்கோ பெரிய தலையிடி: மாமாவை வைத்திருக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. காவலைத் தளர்த்திவிட்டார். மாமா இரண்டாம் முறை ஒழுங்காக ஓடிப் பிரான்ஸ் சேர்ந்தார். கதிரை வெறுமையாகக் கிடக்கிறது என்று பாராளுமன்றம் கண்டுபிடித்தது.

மேரியை ராணியாக்கி வில்லியத்தைப் புருஷனாக மட்டும் வைக்கலாமா என்று சிலர் கேட்டுப் பார்த்தார்கள். மனைவிக்கு ஏவலாளாக இருக்க முடியாது, ஊருக்குப் போகிறேன் என்றார் மாப்பிள்ளை. 1689 பெப்ரவரியில் இரண்டு பேருக்கும் கூட்டு உறுதி எழுதிக் கொடுத்தார்கள். கூடவே நிபந்தனைகள்: பாராளுமன்றத்தைக் கேட்காமல் வரி இல்லை, சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. வீடு உங்களுக்கு, சாவி எங்களிடம். இதைத்தான் ஜனநாயகத்தின் தொட்டில் என்று இன்றுவரை ஆட்டுகிறார்கள்.

இந்தக் குடும்பத்துக் கொடுக்கல் வாங்கலில் எங்கட கரைக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது, நூறு வருடம் கழித்து. 1795 சனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தபோது, ஒரேஞ்ச் வம்சத்துக் கிளைவழி வந்த ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகில் இங்கிலாந்துக்கு ஓடினார். முன்னவர் நானூறு கப்பலில் போன கடல். அங்கே ராசா மூன்றாம் ஜோர்ஜ், இவருடைய மாமன் மகன். மச்சான் கியூ என்ற ஊரில் தங்க இடம் கொடுத்தார். விருந்தாளி பெப்ரவரியில் அங்கிருந்தே கடிதம் எழுதினார்: ஒல்லாந்தர் வசமுள்ள இடங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படையுங்கள், பிரெஞ்சுக்காரர் கையில் போகாமல் பாதுகாக்கட்டும். ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் மட்டக்களப்பு, அடுத்த பெப்ரவரியில் கொழும்பு. திருகோணமலையில் கொஞ்சம் பீரங்கி முழங்க வேண்டியிருந்தது, மட்டக்களப்பில் அதுவும் தேவைப்படவில்லை. பாதுகாக்க வாங்கிய மச்சான் திருப்பிக் கொடுக்கவில்லை. 1802இல் ஏமியன் உடன்படிக்கையில் இலங்கையின் கரையோரத்தைத் தன் பேருக்கே எழுதிக்கொண்டார். அந்த உறுதிக்குச் சாட்சிக் கையொப்பம் வைக்க இந்தப் பக்கத்திலிருந்து ஒரு காக்காவையும் கூப்பிடவில்லை.