பிக்கப்பதிகாரம்: கடாரத்துப் பழைய ஹைலக்ஸ் பற்றி ஓர் ஆய்வு

முதலாம் இராஜேந்திரனின் கப்பற்படை 1025-இல் கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடாவை) தாக்கியதிலிருந்து இன்றுவரை கெடாவைப் பற்றி எழுதப்பட்டவற்றை அடுக்கினால் ஒரு பிக்கப்பின் பின்தொட்டி நிரம்பிவிடும். அந்தப் பிக்கப்பைப் பற்றி மட்டும் அறிஞர் உலகம் வாய் திறக்கவில்லை. பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களைச் சாண் சாணாக அளந்தவர்கள், பக்கத்துச் செம்மண் பாதையில் மூன்று அங்குலம் தூக்கிக் கட்டி நின்ற ஹைலக்ஸின் அடித்தளத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கு உலைகளைத் தோண்டியெடுத்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார், அதே இரும்பு மரபு பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் வெல்டிங் பட்டறைகளாகத் தீப்பொறி பறக்கத் தொடர்வதைக் கண்டுகொள்ளவில்லை. தொல்லியல் விட்ட இடத்தில் இக்கட்டுரை தொடங்குகிறது.

ஆய்வெல்லை: வடக்கே ஜித்ரா, தெற்கே கூலிம், கிழக்கே பாலிங், மேற்கே கடல். இதற்குள் மூடா நீர்ப்பாசன நெல்வெளியை விலக்கியிருக்கிறேன். அங்கே நிலம் மட்டம், கால்வாய் நேர்க்கோடு. பழைய வண்டிக்குத் தன் வீரத்தைக் காட்ட வாய்ப்பே தராத பூமி. ரப்பரும் செம்பனையும் நிற்கும் மேட்டு நிலமே நமக்குக் களம். காலம், அக்டோபர் மழைக்காலம். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் மைவி கார்கூடத் தோட்டத்துக்குள் போய்வந்துவிடும் என்பதால் அக்காலத் தரவுகள் செல்லா.

ஆய்வுப் பொருள், 1988 முதல் 1997 வரை வெளிவந்த ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸில் எல்என் 106 என்னும் நான்குசக்கர இயக்க வகை. முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சு, நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், 2,779 சிசி டீசல் எஞ்சின். டர்போ கிடையாது, அவசரமும் கிடையாது. மிட்சுபிஷி ஸ்டார்ம், இசுசு, நிசான் முதலியவற்றைப் பாடபேதங்களாகக் கருதி அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறேன். அடிக்குறிப்பு இல்லை.

வண்டியின் வயதை நிறுவுவதில் பதிவுப் பத்திரத்தை நம்புவது முதிராத ஆய்வாளர் செயல். பூச்சு அடுக்காய்வே சரியான முறை. கதவின் கீழ்விளிம்பில் நகத்தால் சுரண்டினால் மேலே ஸ்பிரே டப்பாவில் அடித்த மங்கல் கறுப்பு வரும். அது இன்றைய உடைமையாளர் காலம். அதன் கீழே பச்சை, தோட்டக் குத்தகையாளர் காலம். அதற்கும் கீழே மஞ்சள், சாலை போட்டவர் காலம். அடியில் தொழிற்சாலை வெள்ளை. அதற்கும் அடியில் துரு. துருவுக்கு அடியில் விரல் வெளியே வந்தால் தோண்டுதலை நிறுத்திவிட வேண்டும்.

இவ்வண்டியின் உறுதி பற்றி வெளிநாட்டு முன்னாய்வுகள் உண்டு. 1987-இல் சாட் நாட்டுப் படையினர் டொயோட்டா பிக்கப்புகளில் ஏறி லிபியாவின் டாங்கிகளை விரட்டியடித்தார்கள். அந்தப் போருக்கே டொயோட்டா போர் என்று பெயர் வந்தது. 2003-இல் பிபிசியின் டாப் கியர் நிகழ்ச்சியினர் ஒரு பழைய டீசல் ஹைலக்ஸைக் கடல் ஏற்றத்தில் மூழ்கவிட்டார்கள், தீ வைத்தார்கள், இடிக்கவிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்திக் கட்டடத்தோடு தகர்த்தார்கள். வண்டி மறுபடியும் கிளம்பியது. இச்சோதனைகளில் ஒரு முறையியல் ஓட்டை இருக்கிறது. அவர்கள் அந்த வண்டியில் கட்டிப்பால் ஏற்றவில்லை. கோப்பையில் உறைவதற்காக ஃபார்மிக் அமிலம் விட்ட ரப்பர்ப் பால், கட்டியான பிறகும் வழியெல்லாம் புளித்த தண்ணீரைச் சொட்டிக்கொண்டே வரும். பாலிங்கிலிருந்து கொள்முதல் கடை வரை சொட்டியது தொட்டித் தகட்டின் மடிப்புகளில் தங்கும். அடுத்த தைப்பூசத்துக்குள் அங்கே ஓட்டை விழும். தீயும் கடலும் செய்யாததைக் கட்டிப்பால் செய்யும். தொட்டிக்கு ரப்பர் விரிப்புப் போடுவதும், இறக்கிய கையோடு தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் ஆடம்பரமல்ல என்பது இதனால் பெறப்படும்.

மேம்பாட்டின் வரலாறு இரும்புத் தகட்டில் தொடங்குகிறது. 1948-இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட பின் மலாயாவின் தோட்டத் துரைமார் தங்கள் கார்களுக்குத் தகடு அடித்துக்கொண்டார்கள். வளைவில் பதுங்கியிருக்கும் கிளர்ச்சிக்காரனின் குண்டுக்குப் பயந்து. அந்த வண்டியைப் பெரட்டுக்களத்தில் நின்று பார்த்த தலைமுறையின் பேரன்மார் இன்று முன்பக்கம் புல் பார் கட்டுகிறார்கள். வளைவில் படுத்திருக்கும் மாட்டுக்குப் பயந்து. இடைப்பட்ட காலத்தில் நிலமும் சற்றுக் கைமாறியது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பங்குப்பணத்தில் முதன்முதலாக வாங்கியது இதே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான். பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள் சிலர் பிற்பாடு ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று சொந்தமாகச் செம்பனை வைத்தார்கள். துரைக்கு வண்டி அதிகாரம். இவர்களுக்கு அது அவசரம்: வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போனால் நல்லது, கிடக்கக் கிடக்கப் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். மழை என்று சொல்லிக் குலையைக் காத்திருக்கவைக்க முடியாது. ஆகவே சேற்றில் போகிற வண்டி வேண்டும்.

இனி இலக்கணம். பவணந்தி முனிவர் நன்னூலில் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். அவர் ஹைலக்ஸைப் பார்த்ததில்லை. எனினும் சுங்கைப்பட்டாணிப் பட்டறைகளில் நடக்கும் அனைத்தும் இம்மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

தோன்றல் என்பது இல்லாத உறுப்பு வந்து சேர்வது. புல் பார், ஸ்நோர்கல், வின்ச், கூரைச் சட்டம், அதன்மேல் எல்இடி விளக்கு வரிசை, கதவில் புலி. இவற்றுள் ஸ்நோர்கல் தனி ஆராய்ச்சிக்குரியது. ஆழத் தண்ணீரில் எஞ்சின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சினால், தண்ணீரைக் காற்றைப் போல் நசுக்க முடியாது. பிஸ்டன் மோதும், கனெக்டிங் ராட் வளையும். அதைத் தவிர்க்கவே காற்று வாயைக் கூரை உயரத்துக்குத் தூக்குகிறார்கள். தத்துவம் பழுதற்றது. ஆனால் நம் களத்தில் பார்த்த பல வண்டிகளில் குழல் வெளியே மூக்கைத் தூக்கி நிற்க, உள்ளே ஏர் ஃபில்டர் பெட்டியோ பழைய ஓட்டை வழியாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் இணைக்கும் குழாயை யாரும் வாங்கவில்லை. இதைப் போலித் தோன்றல் எனலாம்.

தோன்றலில் இன்னொரு வகை, கண்ணுக்குப் படாமல் தோன்றுவது. அச்சுப் பெட்டியின் மேல் ஒரு சின்ன மூச்சுத் துளை உண்டு. ஓடிச் சூடான அச்சு திடீரென ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். மறுமாதம் எண்ணெயை இறக்கிப் பார்த்தால் தே தாரிக் மாதிரி நுரைத்துக்கொண்டு வரும். அதன்பின் பேரிங்குக்கு ஆயுள் இல்லை. மருந்து, அந்தத் துளையில் செருகி எஞ்சின் அறை வரை இழுத்துக் கட்டிய ஒரு ரப்பர் குழாய். விலை ஒட்டுக்கடையில் இருவர் பசியாறும் காசு. இதைப் பொருத்திக்கொண்ட எவரும் அதைப் படமெடுத்து அனுப்பியதாகத் தரவு இல்லை.

திரிதல் என்பது இருப்பது மாறுவது. இங்கேதான் காரணகாரியச் சங்கிலி தொடங்குகிறது. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்ப்பது நல்ல திரிபு; ஒரு டன் குலையோடும் வண்டி பிட்டம் தாழாது, காலியாக வரும்போது மட்டும் ஓட்டுநரின் முதுகெலும்பை எண்ணும். அத்தோடு யார் நிறுத்துகிறார்கள்? பட்டறையில் காதில் விழுந்த உரையாடல் ஒன்றை மூலபாடமாகத் தருகிறேன்.

"அண்ணே, இன்னும் ரெண்டு இஞ்ச் தூக்கிட்டா தண்ணியில பயமே இல்ல."

"தண்ணிக்கு நான் எங்கடா பயந்தேன்? எங்கம்மா எப்படி ஏறுவாங்க?"

"அதுக்குத்தான் ஸ்டூல் இருக்குல்ல."

வண்டியைத் தூக்கியதும் சக்கர வளைவில் வெற்றிடம் தெரியும். அதை நிரப்ப டயர் பெருக்கும். ஆதியில் இருந்த 205ஆர்16 டயரின் விட்டம் சுமார் 740 மில்லிமீட்டர். 33 அங்குல டயர் 838. ஸ்பீடோமீட்டருக்கு இந்த மாற்றத்தை யாரும் அறிவிப்பதில்லை. அது 60 என்று காட்டும்போது வண்டி 68-இல் போய்க்கொண்டிருக்கும். பெரிய சக்கரத்தை உருட்ட டர்போ இல்லாத எஞ்சின் முனகும். உடனே ஜப்பானிலிருந்து முன்பாதியாக வெட்டி வரும் ஹாஃப்-கட் வண்டிகளில் மூன்று லிட்டர் டர்போ தேடுவார்கள். டர்போவின் சூட்டுக்குப் பழைய ரேடியேட்டர் போதாது. ரேடியேட்டர் மாறும். இதற்கிடையில் பிரேக்கை எல்லோரும் மறந்திருப்பார்கள். பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி, தொட்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். வண்டியைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியின் பிடிப்பைத் திருத்தாவிட்டால், தொட்டி எப்போதும் காலி என்றே அது நம்பிக்கொண்டிருக்கும். ஜெராய் மலையின் 1,217 மீட்டரிலிருந்து இறங்கும்போது இந்த நம்பிக்கை சோதனைக்குள்ளாகும்.

கெடுதல், இருப்பது போய்விடுவது. அறிஞர்கள் இதை மேம்பாடாகவே எண்ணுவதில்லை. ஆனால் தரைக் கம்பளத்தைப் பிடுங்கி எறிந்த வண்டியின் உட்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம். பக்கவாட்டுப் படிக்கட்டைக் கழற்றிய வண்டி வரப்பில் தட்டி நிற்பதில்லை. தாழத் தொங்கும் பின் பம்பர் போனால், பாரிட்டுக் கால்வாயிலிருந்து ஏறும்போது கரையை உழுவது நிற்கும். டயரில் காற்றைக் குறைப்பதும் இவ்வினமே: 30 சொச்சம் பிஎஸ்ஐ-யில் இருப்பதைச் சேற்றில் 18-க்கு இறக்கினால் டயர் பரந்து பிடிக்கும். மூன்றிலும் கெடுதல் ஒன்றுக்கே செலவு கிடையாது. பட்டறைக்காரர் இதைப் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை.

மேற்கண்ட தரவுகளிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: ஒரு மேம்பாட்டின் பயன், ஒட்டுக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அது எவ்வளவு தெரிகிறதோ அதற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எல்இடி விளக்கு வரிசை பாடாங் செராய் முச்சந்தியிலிருந்தே தெரியும். தோட்டத்தில் குலை வெட்டுவது பகலில். மூச்சுக் குழாயைப் பார்க்க வண்டிக்கடியில் படுக்க வேண்டும்.

இவ்விதிக்கு மழைக்காடு சவால் என்னும் நான்குசக்கர இயக்க வண்டிப் போட்டியை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உளர். 1997-இல் மலேசியாவில் தொடங்கிய அந்தப் போட்டி ஆண்டு இறுதி அடைமழையில் நடக்கிறது. அங்கே வின்ச் இல்லாதவன் வீடு திரும்ப மாட்டான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்கிக்கொள்வதற்கென்றே பணம் கட்டிப் போகிறவர்களைக் குலை ஏற்றுகிறவர்களோடு ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. மேலும் வின்ச்சுக்கு மரம் வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பட்டையைச் சுற்றி வார் போட்டால், இழுக்கிற இழுப்பில் வெட்டுப்பட்டை நசுங்கும். பால் வரும் தோலைக் கெடுத்தவனோடு மரத்துக்காரர் பேச்சை நிறுத்திக்கொள்வார். சேற்றில் மாட்டிய வண்டியிலிருந்து இறங்கி, எந்த மரம் யாருடையது என்று யோசித்து நிற்கும் நேரத்தில், முன்சக்கர ஹப்பை ஃப்ரீயிலிருந்து லாக்குக்குத் திருப்ப மறந்தது பெரும்பாலும் நினைவுக்கு வரும். திருப்பினால் வண்டி தானே ஏறிவிடும்.

எஞ்சியிருப்பது சட்டம். 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகளின் கீழ் வண்டியின் உருவை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். ஒருவர் பெயரிலிருந்த வண்டி இன்னொருவர் பெயருக்கு மாறும்போது பரிசோதனை வரும். அன்று நன்னூலார் இயல்பு புணர்ச்சி என்று சொன்ன நிலைக்கு வண்டி திரும்புவதைக் காணலாம். விளக்கு வரிசை இறங்கும், வின்ச் இறங்கும், கோழிக்கூட்டுக் கூரை பறக்காமல் அழுத்திக்கொண்டிருந்த பழைய டயர் நான்கும் மறுபடி சக்கரத்தில் ஏறும். மூச்சுக் குழாய் மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். பரிசோதனை முடிந்து வரும் வழியில் அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிக்கொள்வார்கள். பின்தொட்டியில் கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுக்கப் பேரன் ஓடுவதற்குள் அவர் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாமாகவே ஏறி உட்கார்ந்துவிடுவார்.

"ஏன்டா, எப்பவும் இப்படியே இருந்தா என்ன?"

இக்கேள்வியை எந்தப் பட்டறையும் இதுவரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.