மஞ்சள் கரு அப்பாவுக்கு

பையன் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த வீட்டில் முதலில் உடம்பு போடுவது அப்பாதான். காரணம் முட்டை. பையனுக்கு வெள்ளைக் கரு மட்டும் போதும்; ஜிம் மாஸ்டர் உத்தரவு. மஞ்சள் கருவைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. உதிர்த்து, வெங்காயமும் மிளகுத்தூளும் சேர்த்துப் பொடிமாஸாக்கி அப்பாவின் இட்லிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். மூன்றே மாதம். பையனுக்குச் சட்டைக் கை பிடிக்கும், அப்பாவுக்குப் பொத்தான் மாட்டாது.

இந்த உடம்பு ஆசைக்கு சினிமாவைக் குறை சொல்வது வழக்கம். 2008-ல் வந்த ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யா சிக்ஸ் பேக்கோடு நின்றார். அதே படத்தில் மகனைத் தாங்கிப்பிடிக்கும் அப்பாவாகவும் அவரேதான் வந்தார். பையன்கள் வயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த அப்பாவை வீட்டுக்குக் கூட்டிவர வழி தெரியவில்லை போலும்.

பொம்மைகளும் சும்மா இல்லை. ஹார்வர்டு மனநல மருத்துவர் ஹாரிசன் போப் குழுவினர் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மைகளை அளந்து 1999-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1964-ல் வந்த பொம்மை ஆள் உயரத்துக்கு வளர்ந்தால் புஜம் சுமார் 12 அங்குலம் இருக்கும். 1990-களில் வந்த பொம்மைக்கோ 26 அங்குலத்துக்கும் மேல்! பெரும்பாலான ஆணழகன்களுக்கும் வாய்க்காத புஜம்.

ஆனாலும் சினிமாவும் பொம்மையும் நம் கல்யாண வீடுகளிடம் பிச்சை வாங்க வேண்டும். “என்னடா, எலும்பும் தோலுமா ஆயிட்டே?” என்று பெரியம்மா கேட்பார். ரெண்டு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அதே பையன் ஊதிப்போய்த் தெரிவான். பெண் பிள்ளை என்றால், “இன்னும் குண்டானா எவன் கட்டிப்பான்?” என்பார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் அவள் இலையில் இன்னொரு ஜாங்கிரி விழும்.

இதை விளையாட்டு என்று விட முடியாது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெற்றோர் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பிள்ளைகள் பட்டினி கிடப்பது போன்ற தப்பான வழிகளில் இறங்குவது அதிகம். பேச்சு நல்ல சாப்பாட்டோடு நின்ற வீடுகளில், எடை கூடிய பிள்ளைகளிடம் அது குறைவாக இருந்தது. அதாவது “கீரை சாப்பிடு” என்று சொல்லலாம். “தொப்பை கரையும், கீரை சாப்பிடு” என்றால் வம்பு.

5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கபடியும் அதில் சேர்த்தி. சிக்ஸ் பேக் பற்றி அது மூச்சு விடவில்லை. பெரியவர்களுக்கும் வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது. அந்தப் பக்கத்தை எந்த அப்பாவும் பிள்ளைக்கு வாசித்துக்காட்டியதாகத் தெரியவில்லை.

எனவே அப்பாக்களே, நாளைக் காலையில் பையனோடு நீங்களும் ஒரு நடை கிளம்புங்கள். வழியில் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டாம், அவனுடையதானாலும் உங்களுடையதானாலும். மார்க்கும் வேண்டாம். கிரிக்கெட் பேசுங்கள்.