பொருள்: இயங்குதளம் மாற்றுதல் – சார்பு

அனுப்புநர்:
கணினி பயிற்றுநர் (சிசிடிவி, இன்வெர்ட்டர், மணியடிக்கும் கருவி – கூடுதல் பொறுப்பு),
அரசு மேல்நிலைப் பள்ளி,
பேருந்து எப்போதாவது வரும் ஓர் ஊர்.

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
பள்ளிக் கணினிகள் இயங்குதள மேம்பாட்டு உயர்மட்டக் குழு,
குளிர்சாதனக் கூட்ட அரங்கு, மூன்றாம் தளம்.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை (மிக அவசரம்), அதன் திருத்தம் (மிக மிக அவசரம்), வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவு.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் காணும் சுற்றறிக்கையும் பின்னிணைப்புகளும் கிடைக்கப்பெற்றோம். பள்ளிக் கணினிகள் அனைத்தையும் மார்ச் 31-க்குள் விண்டோஸ் 11-க்கு மாற்றி, ‘நூறு விழுக்காடு நிறைவுற்றது’ என்ற சான்றிதழைத் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் அனுப்பப் பணித்திருக்கிறீர்கள். சான்றிதழ்ப் படிவம் வந்துவிட்டது. மென்பொருள் இன்னும் வரவில்லை. இரண்டில் எது முக்கியம் என்பதில் குழுவுக்கு இருக்கும் தெளிவைக் கண்டு ஆசிரியர் அறையே நெகிழ்ந்துபோயிற்று.

இந்த மாற்றமே தேவையில்லை என்று வாதாட நான் வரவில்லை. 2015 ஜூலையில் வெளியான விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை முடித்துக்கொண்டது. இனி அதில் ஓட்டை தெரிந்தால் சும்மா வந்து அடைத்துக்கொடுக்க யாரும் இல்லை. மாணவர்களின் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் ஏற்றப்படும் கணினிகளை அப்படியே விட்டுவைப்பது சரியல்ல. மாற்றத்தான் வேண்டும். ஆனால் விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபரில். அதற்கு என்ன வன்பொருள் வேண்டும் என்பதும் அப்போதே ஊரறிந்த செய்தி. இடையில் இருந்த நான்கு ஆண்டுகளைக் கோப்பு எங்கே கழித்தது என்று கேட்பது மரியாதை ஆகாது. ‘மிக அவசரம்’ என்று சிவப்பு மையில் அடித்திருப்பதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, கணக்கெடுப்புப் படிவம். மாலை நாலு மணிக்குள் நிரப்பச் சொல்லி மூன்றரைக்கு வந்தது. அதில் குறையொன்றுமில்லை, பழகிவிட்டது. ‘தங்கள் கணினியின் இயங்குதளம் எது?’ என்ற கேள்விக்கு நான்கு விடைகள் தந்திருந்தீர்கள்: விண்டோஸ், டெஸ்க்டாப், எம்.எஸ். ஆபீஸ், இயங்கவில்லை. எங்கள் ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் கணினிக்கு நான்குமே பொருந்தும். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றது படிவம். மானிட்டரின் நிறத்தைக் கேட்டிருந்தீர்கள். பிராசசர் எந்தத் தலைமுறை என்று கேட்கவில்லை.

திட்டம் முழுவதும் அந்தக் கேட்காத கேள்வியில்தான் நிற்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் விண்டோஸ் 11. கூடவே 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு. எங்களிடம் இருப்பவை ஏழாம் தலைமுறை. முடங்கிக் கிடந்த டிபிஎம்மைப் பயாஸுக்குள் தேடிப் பிடித்து இயக்கிவிட்டேன். பிராசசரை ஒன்றும் செய்ய முடியவில்லை; இந்தக் கணினி தகுதி பெறவில்லை என்று சோதனைக் கருவி திரும்பத் திரும்பச் சொல்கிறது. உதவி எண்ணுக்கு அழைத்தபோது, ‘உள்ளூர் அளவில் தீர்வு காணவும்’ என்றார்கள்.

உள்ளூர்த் தீர்வு என்பது இருசக்கர வாகனத்தில் பென் டிரைவோடு வரும் ஒரு தம்பி. தகுதிச் சோதனைகளைத் தாண்டிப்போகும் வழி அவருக்குத் தெரியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளே அதைச் செய்து கொடுக்கும். விண்டோஸ் 11 ஏறிவிடும், திரையும் பளபளவென்று இருக்கும். ஆனால் தகுதியில்லாத கணினியில் ஏற்றினால் பிற்காலத் திருத்தங்கள் வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறது அதைத் தயாரித்த நிறுவனம். ஆக, பாதுகாப்புத் திருத்தம் வராது என்று பழையதை விட்டுவிட்டு, பாதுகாப்புத் திருத்தம் வருமோ வராதோ என்கிற புதியதற்குப் போகிறோம். நடுவில் தம்பிக்குக் கணினிக்கு முந்நூறு ரூபாய். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மட்டும் தெரிவித்தால் போதும்.

இன்னொரு வழியும் இருந்தது. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் மூன்று ஆண்டுகளுக்குக் காசு கொடுத்து வாங்கலாம். கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை விலை: கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. மொத்தம் ஏழு டாலர். இந்த வழி மூன்றாம் தளத்தை எட்டவில்லை போலும். எட்டியிருந்தாலும் ஒரு டாலருக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது எப்படி என்ற விவாதம் இப்போதுதான் தொடங்கியிருக்கும்.

மார்ச் 31 என்ற தேதியைப் பற்றியும் ஒரு சொல். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத்தேர்வு. புறத்தேர்வர் வந்து உட்காரும் நாளில், பாதி கணினிகள் ‘தயவுசெய்து அணைக்காதீர்கள், 45% முடிந்தது’ என்று நீலத்திரை காட்டிக்கொண்டிருந்தால் மதிப்பெண்ணை எப்படிப் போடுவார்? மே மாதத்தில் செய்தால் ஆகாதா என்று கேட்டேன். பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், ஆய்வகம் பூட்டித்தான் கிடக்கும், ஏதாவது கெட்டாலும் ஜூனுக்குள் சரிசெய்துவிடலாம். எல்லாம் உண்மைதான், ஆனால் மே மாதத்தில் இந்த நிதியாண்டு இருக்காதே என்றார்கள். நிதியாண்டுக்கு நேரம் ஒதுக்கிய அளவுக்குப் பதிவிறக்கத்துக்கும் ஒதுக்கியிருக்கலாம். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜிபிக்கு மேல். எங்கள் இணைப்பு நல்ல நாளில் 4 எம்பிபிஎஸ். ஒரு கணினிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம், இருபது கணினிக்கு ஐம்பத்தைந்து மணி நேரம். அதுவரை மின்சாரம் போகக்கூடாது. யூபிஎஸ் பேட்டரிகள் உப்பிப்போய் ஒரு யுகம் ஆகிறது. ‘ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே இணையம் வழி மேம்படுத்தவும்’ என்று நெறிமுறையில் எழுதிய கை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்ததில்லை என்பது என் தாழ்மையான ஊகம். ஒரு கணினியை நன்றாகத் தயார் செய்து, அதன் நகலைக் குளோன்ஜில்லா கொண்டு மற்றவற்றில் ஏற்றிவிடலாம். தைவானின் கணினி மையம் ஒன்று இலவசமாகத் தருகிற மென்பொருள் அது. ஒரு ஸ்விட்ச்சும் ஒரு சனிக்கிழமையும் போதும்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் நாற்பது ரூபாய்ப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. பல கணினிகளின் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி செத்துவிட்டது. மின்சாரம் போய்வந்தால் கணினிக்கு அன்று 2009 ஜனவரி 1. அதன் கணக்கில் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. எந்த இணையதளத்தைத் திறந்தாலும், அதன் பாதுகாப்புச் சான்று இனிமேல்தான் செல்லுபடியாகும் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அரசாணை படித்த கணினிதான், சந்தேகமே இல்லை.

இனி, அந்தக் கணினியில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். சுற்றறிக்கையின் பன்னிரண்டு பக்கங்களில் இது எங்கேயும் தட்டுப்படவில்லை.

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் அடோபி பேஜ்மேக்கருக்குத் தனிப் பாடமே உண்டு. செய்முறையிலும் அதுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. 2004-இல் அடோபி அதைக் கைகழுவிவிட்டு இன்டிசைன் பக்கம் போய்விட்டது. இன்று அதைப் படிக்கும் பிள்ளைகள் அது நின்றுபோன பிறகு பிறந்தவர்கள். எக்ஸ்பி காலத்து மென்பொருளை விண்டோஸ் 10-இல் ஓடவைக்கவே நான் ஒரு தனி வித்தை கற்றேன். அடுத்த வித்தையை எந்தப் பயிற்சியில் சொல்லித்தரப் போகிறீர்கள் என்பது பயிற்சி அட்டவணையில் இல்லை. (அட்டவணையில் இருப்பது: குத்துவிளக்கு, வரவேற்புரை, தேநீர், பின்னூட்டப் படிவம்.) இயங்குதளத்தை 2021-க்குக் கொண்டுவந்துவிட்டோம், பாடத்தை 2001-இலிருந்து நகர்த்தும் குழு தனியாக அமைக்கப்படுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு இதற்கு நேரெதிர். அங்கே பாடநூல் உங்களைவிட முன்னால் போய்விட்டது. விண்டோஸோடு உபுண்டுவையும் சேர்த்துக் கற்றுத்தருகிறது. வேர்ட், எக்செல் இடத்தில் ஓப்பன் ஆபீஸ் ரைட்டரும் கால்க்கும். உபுண்டு இந்தப் பழைய கணினிகளில் கெஞ்சாமல் ஏறும், காசும் கேட்காது. ஆனால் ஆய்வகத்தில் அதை நிறுவ அனுமதி இல்லை. எனவே பிள்ளைகள் படம் பார்த்து உபுண்டு படிக்கிறார்கள், ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரியாக விடையும் எழுதுகிறார்கள். அரசு அச்சடித்த புத்தகத்தில் இருக்கும் இயங்குதளம் அரசு வகுத்த திட்டத்தில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. புத்தகம் விற்பனைக்கும் கிடைக்கிறது; குழு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளலாம்.

உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுவது புதிய யோசனையும் அல்ல. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியது. சென்னையில் சி-டாக் உருவாக்கியது அது. அந்தக் கடிதம் இப்போது எந்தப் பீரோவில் இருக்கிறதோ! வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளப் பள்ளிகள். அங்கே அரசின் கைட் அமைப்பு உபுண்டுவைத் தம் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் தைத்து, 2019-இல் 18.04 பதிப்பை இரண்டு லட்சம் கணினிகளுக்கு என்று வெளியிட்டது. உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். கணக்கில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கட்டும். பாடம் எழுதுகிறவர்களும் இயங்குதளம் தயாரிக்கிறவர்களும் அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருப்பது அந்த மேசை.

எழுத்துருவைச் சொல்லாமல் விட்டால் அலுவலக உதவியாளர் என்னை மன்னிக்கமாட்டார். இருபது ஆண்டு வினாத்தாள்கள், மாற்றுச் சான்றிதழ் படிவம், பள்ளி ஆண்டறிக்கை எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத புதிய இயங்குதளத்தில் திறந்தால் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். யூனிகோடுதான் தரம் என்று 2010-இலேயே அரசாணை வந்துவிட்டது உண்மை. தங்கள் சுற்றறிக்கையின் பின்னிணைப்பும் வானவில்லில்தான் வந்திருக்கிறது என்பதும் உண்மை.

தகுதி பெறாத கணினிகளை ‘உரிய முறையில் கண்டம் செய்யவும்’ என்று கடைசிப் பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள். உரிய முறை என்பது பொறியாளர் சான்று, இருப்புப் பதிவேட்டில் குறிப்பு, ஏலம், அதற்கு முன் ஏல அனுமதி. சென்ற முறை கண்டம் செய்யப் பட்டியலிட்ட கணினிகள் பக்கத்து அறையில் இன்னும் அனுமதிக்குக் காத்திருக்கின்றன. அந்த அறையில் ஒன்பது ‘ஆ’ பிரிவு நடந்திருக்க வேண்டும், இப்போது வேப்பமரத்தடியில் நடக்கிறது. ஏழாம் தலைமுறைக் கணினியும் அங்கே போனால், பிறகு எட்டு ‘இ’ பிரிவும் மரத்தடிக்கு வரும். ஒரு எஸ்எஸ்டியும் 4 ஜிபி ராமும் சேர்த்து உபுண்டு போட்டால் அவை இன்னும் ஐந்து ஆண்டு ஓடும். பென் டிரைவ் தம்பியும் அதைத்தான் சொல்கிறார். அவருக்கு அதில் வருமானம் குறைவு என்றாலும்.

ஆகவே, மாவட்டத்துக்கு ஒரு பள்ளியில் மே மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடங்கவும், எட்டாம் தலைமுறைக்கும் பிந்தியவற்றுக்கும் விண்டோஸ் 11, மற்றவற்றுக்கு உபுண்டு என்று பிரித்து ஆணையிடவும், கணினி ஆசிரியர் பணியிடமே இல்லாத உயர்நிலைப் பள்ளிகளில் இந்த வேலையைக் கணக்கு டீச்சர் தலையில் கட்டாமல் இருக்கவும் பணிவுடன் கோருகிறேன். இவற்றில் எதுவும் முடியாதென்றால், அடுத்த கூட்டத்தை எங்கள் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம். மின்விசிறி இரண்டு ஓடுகிறது. புரொஜெக்டர் தாங்களே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி பயிற்றுநர்.

இணைப்பு:
1. நிறைவுச் சான்றிதழ், கையொப்பம் மற்றும் முத்திரையுடன். தேதியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.
2. பொத்தான் பேட்டரி வாங்கிய ரசீது, ரூ. 40. ‘செலவினத் தலைப்பு இல்லை’ என்ற குறிப்புடன் திரும்பி வந்தது; மறுபடியும் அனுப்பப்படுகிறது.