மீன் பாடும் ஊரில் ஒரு தலையிடி

எனக்கு ஒற்றைத் தலையிடி தொடங்கியது 13 வயதில். இப்போது 56. இத்தனை வருசமும் இந்த நோய் என்னிடம் கேட்டது இரண்டே சாமான்: கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் அமைதி. இரண்டுக்கும் காசில்லை. அதனாலோ என்னவோ, மட்டக்களப்பில் எங்கள் ஊரான தன்னாமுனையில் இரண்டும் கிடைப்பதில்லை.

விடிந்தால் பாண் ஆட்டோ, பீத்தோவனின் மெட்டோடு வரும். மனுசனுக்குக் காது கேட்காமல் போனது, கொடுத்து வைத்தவர். அடுத்தது லொத்தர் சீட்டு ஆட்டோ. தேர்தல் காலமென்றால் ஊரைக் காப்பாற்ற வந்தவர்கள். பிறகு திருவிழா, கலியாண வீடு, செத்த வீடு. செத்தவருக்கு மட்டும் கேட்காது. மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்கிறோம். நிலவு நாளில் துடுப்பை வாவிக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டிய பாட்டாம் அது. இனி மீன் மைக் பிடித்துத்தான் பாட வேண்டும்.

சத்தத்தை அடக்கச் சட்டம் இருக்கிறது. 2007 நவம்பரில், வெலிகமைப் பள்ளிவாசல் வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கூடாதென்று உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா மதத்துக்கும் ஒரே தீர்ப்பு. இந்த நாட்டில் நாலு மதமும் மனமொத்துச் செய்கிற ஒரே காரியம் அதை மீறுவதுதான்.

எனக்குத் தலையிடி வருகிற விதத்தைச் சொல்கிறேன். வாவிக்கரையில் மீன் வாங்க நிற்பேன். மத்தியான வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும். கண்ணோரத்தில் வாள்பல்லுப் போல ஒரு கோடு மினுங்கும். மீன்காரரின் பாதி முகம் காணாமல் போகும்; தராசு தெரியும், தட்டு தெரியாது. இருபது நிமிசத்தில் வலப்பக்கப் பொட்டில் உலக்கை விழத் தொடங்கும். பிறகு வாந்தி. 4 மணித்தியாலத்தில் விட்டால் அதிர்ஷ்டம். 72 மணித்தியாலமும் கிடக்கலாம். உலகத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட பேருக்கு இது இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. கோயில் மரத்தில் ஒலிபெருக்கிக் குழல் கட்ட ஏறுகிறவர்களை நானும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் கூட இல்லை.

“சும்மா தலையிடிதானே மகள், பனடோல் ரெண்டு போடுங்க” என்பார் மாமி. கடையில் அதைச் சவர்க்காரத்தோடு சேர்த்து விற்பார்கள். மாதத்தில் 15 நாளுக்கு மேல் விழுங்கிக்கொண்டே போனால் அந்த மாத்திரையே தலையிடியை வளர்க்கும் என்று ஒருவர் வாய் திறந்து எனக்குச் சொல்ல இருபது வருசம் பிடித்தது. வராமல் தடுக்கப் புரோப்ரனலோல் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 1991இல் சந்தைக்கு வந்த ஒற்றைத் தலையிடி மருந்தான சுமட்ரிப்டனைப் பாமசியில் கேட்டேன். “அது என்ன சோப்பா அக்கா?” என்றான் பொடியன்.

அரசாங்கம் ஒரு தரம் என் நோயை விளங்கிக்கொண்டது, பொய் சொல்லக்கூடாது. 2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. நாட்டையே இருட்டறையில் கிடத்தி வைத்தியம் பார்த்தார்கள். ஸ்பீக்கர் இல்லை, ஆட்டோவுக்கு எண்ணெய் இல்லை. என்ன அமைதி! பாமசியில் மாத்திரையும் இல்லை. இருட்டும் அமைதியும் வேண்டுமென்றால் நாடு வங்குரோத்தாக வேண்டும் போல.

கொரோனாவை விரட்ட 2020இல் ஆற்றில் முட்டி எறிந்தவர் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. எங்கள் ஊரார் மட்டும் சளைத்தவர்களா? போன மாதம் கோயில் தம்பிமார் மூன்று பேர் கொப்பியோடு வந்தார்கள். ஈரத்துணியை நெற்றியில் கட்டியபடி கதவைத் திறந்தேன்.

“அக்காவுக்கு இன்னும் அந்தத் தலையிடியா? பேசாமல் நேர்த்தி வைங்க, போயிரும்.”

“என்ன நேர்த்தி தம்பி?”

“கோயிலுக்குப் புது லவுட்ஸ்பீக்கர் ஒண்டு வாங்கிக் குடுங்க. அக்காட பேரை எழுதி, அக்காட வீட்டுப் பக்கமே திருப்பிக் கட்டுறம்.”