இரண்டே பேர் மிஞ்சிய ஊர்

கேள்வி: செக் நாடு என்றாலே எல்லாரும் பிராக் நகரைத்தான் சொல்கிறார்கள். பார்க்கத் தகுந்த ஒரு குக்கிராமம்கூடவா அங்கே இல்லை?

பதில்: ஏன் இல்லை? நாட்டின் தெற்கே, செஸ்கே புத்யேயோவிட்சே நகருக்கு மேற்கில் ஹோலஷோவிட்சே இருக்கிறது. நடுவில் புல்வெளி, அதில் ஒரு குளம், ஒரு சிறு கோயில். சுற்றிலும் இருபத்துச் சொச்சம் பண்ணை வீடுகள், பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல எதிரெதிரே முகம் பார்த்து நிற்கின்றன. வளைந்து நெளியும் அந்த முகப்புகள் 18, 19ஆம் நூற்றாண்டு உள்ளூர்க் கொத்தனார்களின் கைவண்ணம். அரண்மனைக்கு உரிய பரோக் பாணியை உழவன் வீட்டுச் சுவருக்கு இறக்கிக்கொண்டு வந்தார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஊரின் அமைப்பு அதைவிடப் பழையது, இடைக்காலத்தது. 1520களில் கொள்ளைநோய் புகுந்தபோது ஊரில் பிழைத்தவர்கள் இரண்டே பேர்! பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடிகளைக் கொண்டுவந்து ஊரை நிரப்பினார்கள். அதனால் அது நெடுங்காலம் ஜெர்மன் பேசும் ஊராக இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாயின. யாரும் இடித்துப் புதிதாகக் கட்டாததால் பழைய அழகு அப்படியே தங்கிவிட்டது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் வீட்டை இழந்தவர்கள். அதை மறக்கக் கூடாது.

1990க்குப் பிறகு வீடுகளைச் செப்பனிட்டு மறுபடி குடியேறினார்கள். 1998 முதல் ஊர் முழுவதும் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியச் சின்னம். பிராக் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கும் ஒதுக்குங்கள்.